ஐந்து தாள்களின் பின்பக்கம்

கணவன் குர்ஷித் சிறையிலிருந்து எழுதியது ஜூனாவுக்கும் அல்லாவுக்கும் மட்டும்தான் தெரியும். கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரிக்கும் தெரியும். அவரை அவள் மனிதக் கணக்கில் சேர்க்கவில்லை.

சோப்பூரிலிருந்து ஆப்பிள் ஏற்றிப்போன கணவனின் லாரியில், பெட்டிகளுக்கு அடியே போதைச் சரக்கு மூட்டை அகப்பட்டது. தனக்குத் தெரியாது என்றான், வழக்கு நடக்கிறது. ஜாமீனில் வந்தவனைச் சிறை வாசலிலேயே மறித்து, 'இனியும் கடத்தக்கூடும்' என்று தடுப்புக்காவல் உத்தரவு காட்டி ஜம்மு சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செய்ததாகச் சொன்ன குற்றத்துக்கு ஜாமீன் உண்டு. செய்யப்போகிற குற்றத்துக்கு எங்கே போவது?

ஸ்ரீநகர் உயர் நீதிமன்றத்தில் வக்கீல் ரபீக்கா மனுப் போட்டாள். ஆதாரத் தாள்கள் முழுசாகக் கைக்கு வந்தால்தானே கைதி மறுத்து எழுத முடியும்? ஐம்பத்திரண்டு தாள் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கினோம் என்றது அரசாங்கம்.

"அவரு உனக்கு ஏதாவது அனுப்பினாரா?" ரபீக்கா ஜூனாவிடம் கேட்டாள்.

"லெட்டர்தான்க்கா. அது வேணாம்."

"காட்டு."

"கட்டினவரு எழுதினது. சபையில வைக்கிற சமாச்சாரமில்ல."

"புருஷன் வேணுமா, வெக்கம் வேணுமா?"

ஜூனா முகம் சிவக்க ஃபெரன் அங்கிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். ரபீக்கா தாளைத் திருப்பினாள். மறுபக்கம் தடுப்புக்காவல் உத்தரவு! வேறு காகிதம் கிடைக்காதவன் அதன் முதுகிலேயே எழுதியிருக்கிறான். இங்கிலீஷ் தெரியாத ஜூனா, ஏதோ கழித்த காகிதம் என்று நினைத்திருந்தாள். கடைசி வரி இப்படி இருந்தது: "இவனுங்க குடுத்ததே அஞ்சு தாள்தான் கண்ணு, அஞ்சும் தீந்துபோச்சு. இன்னும் குடுத்திருந்தா இன்னும் எழுதியிருப்பேன்." கீழே சிறையின் முத்திரை, தேதியோடு.

நீதிபதி ஐந்தையும் நிதானமாகப் படித்தார். ஜூனாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவர் அரசு வக்கீலைப் பார்த்தார்.

"அஞ்சுதான்னு எழுதியிருக்கு. உங்க அதிகாரியே படிச்சு முத்திரை வெச்சிருக்காரு. மத்த நாப்பத்தேழு எங்கய்யா?"

வக்கீல் கோப்பைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். உத்தரவு ரத்தானது.

ஜம்மு சிறை வாசலில் குர்ஷித் வெளியே கால் வைத்ததும் ஜூனா அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியும் விடவில்லை.

"விடு ஜூனா, எல்லாரும் பாக்குறாங்க."

"ஜட்ஜே படிச்சாச்சு. இனிமே யாரு பாத்தா எனக்கென்ன?"