கல் எடுத்த மரங்கள்

கூட்டத்துக்கு வந்தது ஒன்பது குடும்பம். அடுப்புக்கு மிக அருகில், எப்போதும்போல, ஊர்க்குழுத் தலைவர் ரொசாமெல். அவருக்கு இடப்பக்கம் அர்னோல்தோ, நனைந்த பூட்ஸை அடுப்புக் கம்பியில் கவிழ்த்துவிட்டுக் காலுறையோடு உட்கார்ந்திருந்தார். சுவரோர பெஞ்சில் நொல்பாவும் மற்றப் பெண்களும், மடியில் பின்னல் ஊசிகளோடு. கதவோரம், காற்று நேராக வந்து அறையும் இடத்தில், கலைஞர் முகாம் நடத்தும் ரெபேக்கா அம்மாளும், கைகளைக் கோத்தபடி சிற்பி ஜிசெலாவும். அந்த இடத்தை அவர்களுக்கென்று யாரும் ஒதுக்கவில்லை. வேறெங்கும் யாரும் நகர்ந்து கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நடுமேசையில் பதிவேட்டோடு செயலாளர் எர்சிலியா.

இதை எல்லாம் எர்சிலியா அப்படியே எழுதிவைத்தாள். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால் வராதவர்கள் படித்தால் அறையே கண்ணில் தெரிய வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். எதிர்க்கரை நகரமான அச்சாவோவின் பள்ளியில் எட்டாவது வரை படித்தபோது வந்த பழக்கம்.

விஷயம் விறகு. புயலுக்குப் பின் தீவின் மேற்குக் கரையில் மரங்கள் ஒதுங்கும். முதலில் பார்ப்பவர் அதை அலை ஏறும் கோட்டுக்கு மேலே இழுத்துப் போட்டு, தலைமாட்டில் ஒரு கல்லை வைத்துவிட்டால் மரம் அவருடையது. ஆறு மாதம் கிடந்தாலும் அடுத்தவர் தொடமாட்டார். கல் இல்லாத மரம் யாருக்கும் சொந்தமில்லை. இந்த அக்டோபரில் ஜிசெலா அந்தக் கரையில் நாற்பத்து மூன்று தட்டைக் கற்களைப் பொறுக்கி, ஈர மணலில் பெரிய சுருள் ஒன்று அமைத்தாள். காட்டிலும் கரையிலும் தானாகக் கிடைப்பதைக் கொண்டு மட்டுமே வேலை செய்ய வேண்டும், செய்ததைக் கடலே கொண்டுபோக விட வேண்டும் என்பது முகாமின் விதி. குன்றின் மேலிருந்து படம் எடுத்தார்கள். கடல் இரண்டு முறை ஏறி இறங்கியதில் பாதிக் கல்லை மணல் விழுங்கிவிட்டது. அலைக்கோட்டுக்கு மேலே, மேல்கரையில், கல் போன முப்பதுக்கும் மேற்பட்ட மரங்கள் அநாதையாகக் கிடந்தன.

"என்னோடது ஆறு. அதுல ரெண்டு லூமா மரம், ராத்திரி முழுக்க நின்னு எரியும். எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்" என்றார் அர்னோல்தோ.

"போன வாரம் நாலுன்னீங்க. கல்லு போனதும் மரம் குட்டி போட்டிருச்சாக்கும்" என்றாள் நொல்பா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உன் புருஷன் இழுத்ததை நான் பார்த்தேன். பாதியில விட்டுட்டுக் குடிக்கப் போனான். கோட்டுக்கு மேல வரவே இல்ல அந்த மரம்."

"வந்துச்சு. நானும் சேர்ந்துதான் இழுத்தேன். இடுப்பு இன்னும் வலிக்குது, காட்டவா?"

பெண்கள் சிரித்தார்கள். அர்னோல்தோ சிரிக்கவில்லை. அவருடைய தம்பி அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். காரணமும் ஒரு மரம்தான்.

ஜிசெலா எழுந்து நின்றாள். "எனக்குத் தெரியாதுங்க. கல்லு சும்மா இருக்குன்னு நெனச்சேன்."

"மரத்து மேல கல்லு தானா ஏறி உக்காருமா தங்கச்சி?" என்றார் ரொசாமெல். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான்.

"மேல்கரைக்குப் போனா நல்ல தட்டைக் கல்லு கிடைக்கும்னு எர்சிலியா அக்காதான் சொன்னாங்க."

எர்சிலியாவின் பேனா நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. சொன்னது உண்மைதான். முகாமுக்குச் சமைப்பவளும் அவள்தான். அன்று அதன் சமையலறையில் பதினாறு பேருக்கு உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள், முழங்கை வரை மாவு. பின்னால் நின்று யாரோ கல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். மேல்கரையில் பாருங்கள் என்றாள். ஓடை கடலில் சேரும் இடத்தைத்தான் நினைத்துச் சொன்னாள். மரத்துக் கல்லை ஒருவர் எடுக்கக்கூடும் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. அடுத்த வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகாதீர்கள் என்று யாராவது யாருக்காவது சொல்லிவைப்பார்களா?

"அவ சமையக்காரி" என்று ரொசாமெல் கையை வீசினார். "அவகிட்டப் போய்க் கல்லு விவரம் கேட்டா அவ என்னத்தக் கண்டா? விடுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவள் குனிந்து, ஜிசெலா சொன்னதை ஒரு வரியில் எழுதினாள். அதற்குக் கீழே தலைவர் சொன்னதையும் எழுதினாள்.

முடிவு சீக்கிரம் வந்தது. வகுப்பு நின்றுபோனபின் முகாம் நடந்துவரும் பள்ளிக்கூடத்தை அடுத்த வருடம் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நகராட்சிக்குக் கடிதம் எழுத வேண்டும். ரொசாமெல் தூக்கிய கைகளை எண்ணினார். எர்சிலியா கையைத் தூக்கவில்லை. "எர்சிலியா எழுதிட்டிருக்கா, அவ கையையும் சேத்துக்கலாம்" என்று ஒன்று கூட்டிக்கொண்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அர்னோல்தோ பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே பாதை திரும்பும் இடத்தில் ரெபேக்கா அம்மாள் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் மென்மையா எழுது, என் கண்ணுல்ல. அடுத்த வருஷம் நீ விருந்தாளிக் கலைஞரா வரப்போற. வடக்குச் சன்னல் மேசை உனக்குத்தான்னு சொல்லியிருக்கேன்ல? முகாமே இல்லன்னா மேசைக்கு எங்க போறது?"

"ரெண்டு வருஷமா சொல்றீங்கம்மா."

"இந்த வருஷம் சமையலுக்கு வேற ஆள் அமையலையே. உன் கை ருசி யாருக்கு வரும் சொல்லு."

எர்சிலியா நடந்தாள். அந்த மேசை அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. நாலு ஆள் நீளம், கசிவில்லாத கூரை, அந்தத் தென்கோடித் தீவில் வடக்குச் சன்னலுக்கு மட்டுமே வாய்க்கும் காலையிலிருந்து மாலைவரை வெயில். அங்கே மூன்று வாரம், யாருக்கும் சோறு போடாமல். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

வீட்டுக் கொட்டகைக் கதவைத் திறந்ததும் உத்தரத்தில் தொங்கிய மேலங்கிகள் மெல்லத் திரும்பின. கோச்சயூயோ என்ற, தோல்வாரைப் போன்ற தடித்த கடற்பாசியைப் பிளந்து, கொடிநாரால் தைத்த மேலங்கிகள். ஆள் உயரம், உள்ளே ஆள் இல்லை. ஈரக்காற்று அடித்தால் துவண்டு தோள் தொங்கும். வெயில் பட்டால் விறைத்து நெஞ்சை நிமிர்த்தும். மொத்தம் ஐந்து தைத்தாள். ஒன்று அடுக்களைப் புகையில் வெடித்தது. ஒன்றின் இடது கையை ஆடு தின்றுவிட்டது. இன்றைக்குப் பார்த்தால் வலது கையும் இல்லை. மூலையில் நின்ற பெட்டைச் செம்மறி அசைபோட்டபடி அவளைப் பார்த்தது.

"தின்னு. உனக்காச்சும் பிடிச்சிருக்கே" என்றாள்.

அந்த மேலங்கியின் கழுத்துப் பட்டியைத் திருப்பித் தைக்க அவளுக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. கவிழ்த்த வாளியின் மேல் சற்று நேரம் உட்கார்ந்தாள். மீன்பண்ணை வேலைக்குப் போன கணவன் வர இன்னும் பத்து நாள். வந்தாலும், "வேலி கட்டினா சரியாப் போச்சு" என்பான், வேலி கட்டமாட்டான்.

மறுநாள் மதியம் கடிதத்தை ரொசாமெல் வீட்டுக்கு எடுத்துப் போனாள். மரத்துக்குக் கல் வைக்கும் வழக்கம் என்ன, கல் எடுக்கப்பட்ட நாள், மரங்கள் எத்தனை, எந்தெந்தக் குடும்பத்துக்குள் பேச்சு நின்றது, எல்லாம் வரிசையாக இருந்தது. சூடும் இல்லை, மென்மையும் இல்லை. கூட்டத்தில் கை தூக்கியவர்கள் எட்டு, தூக்காதவர் செயலாளர் ஒருவர் என்றும் இருந்தது. ரொசாமெல் விரலை வைத்துப் படித்து, மூன்றாவது பத்தியில் நின்றார்.

"கல்லு இருக்கிற இடத்தச் சொன்னது நீன்னு எதுக்கு எழுதின? எடுத்துரு."

"நடந்தது அதுதானே மாமா."

"நடந்ததெல்லாம் எழுதணுமா? அந்தப் பொண்ணு தப்பு பண்ணா, முடிஞ்சுது. நீ வெறும்..."

"நான் மேல்கரைன்னு சொன்னேன். அவ போனா. என்னை விட்டுட்டு எழுதினா அது வேற கதை. கையெழுத்துப் போடுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவை வாங்கி, எரிச்சலோடு அழுத்திப் போட்டார். தாள் லேசாகக் கிழிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை படகுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. உறையை மேசையில் வைத்துவிட்டு, எர்சிலியா இன்னொரு தாளை எடுத்தாள். இது தன் பெயரில். பள்ளிக்கூடம் காலியானால், செப்டம்பரில் மூன்று வாரத்துக்கு, வடக்குச் சன்னல் அறையைத் தீவில் குடியிருக்கும் தனக்குத் தர வேண்டும். நான்கு வரியில் முடிந்தது. பெயர், அடையாள எண், வசிப்பிடம். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. அங்கே இதுவரை இல்லத்தரசி என்ற ஒரே வார்த்தையைத்தான் எழுதியிருக்கிறாள், வங்கியில், ஆஸ்பத்திரியில், தேர்தல் பட்டியலில். இப்போது எழுதியது நீளமாக வந்து விளிம்பில் இடம் போதாமல் கீழே மடங்கியது: கடற்பாசியில் மேலங்கி தைப்பது.

மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் நகராட்சியில் ஒரே மேசையில், ஒரே அதிகாரி பிரிப்பார். இவளே முகாம்காரர்களைத் துரத்திவிட்டு இடத்தைக் கேட்கிறாள் என்று அவர் நினைக்கலாம். அச்சாவோவில் அது ஒரு வாயிலிருந்து கிளம்பினால் போதும், அடுத்த படகிலேயே தீவுக்கு வந்துவிடும். ரெபேக்கா அம்மாள் என்ன சொல்வாள் என்றும் தெரியும். நொல்பா என்ன சொல்வாள் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். வேறு உறை எடுத்துத் தனியாக, ஒரு மாதம் கழித்து அனுப்பலாம். அலமாரியில் உறைகள் இருந்தன. அவள் எழுந்து போகவில்லை. இரண்டு தாளையும் ஓரம் சேர்த்து மூன்றாக மடித்து, ஒரே உறைக்குள் தள்ளினாள்.

உறையின் பசை ஈரத்தில் எப்போதோ செத்திருந்தது. வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றைப் பிய்த்து, விரலால் நசுக்கி, மடிப்பு நெடுகத் தடவி, அடுப்பின் மேலிருந்த இரும்புக் கெண்டியைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். நூறு வரை எண்ணினாள்.

படகுத்துறையில் மழை சாய்ந்து பெய்தது. படகோட்டி பவுஸ்தோ உறையை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தான்.

"என்னக்கா, சுடுது?"

"ஒட்டினது காயல. மடக்காத."

அவன் கம்பளிச் சட்டையைத் தூக்கி, உறையை வயிற்றோடு சேர்த்துச் சொருகி, மேலே எண்ணெய்த்துணிக் கோட்டைப் பூட்டினான். கயிறு அவிழ்ந்தது. படகு அலையில் ஏறி இறங்கி ஏறிப் போக, அவன் ஒரு கையால் சுக்கானையும், இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றது மழைக்குள் மறையும்வரை தெரிந்தது.