தண்ணீர் குடிக்காத துணி

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவனுக்கு ‘மடிப்பு’ என்று பட்டப்பெயர். பன்னிரண்டு வருடமாகத் துண்டும் படுக்கைவிரிப்பும் மடித்து மடித்து வாங்கிய பெயர். துணி விஷயத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு கொஞ்சம் அதிகம்தான், அவன் மனைவியைக் கேட்டால் தெரியும்.

அவன்தான் அன்று குழந்தைகள் காப்பகத்து மேடம் முன்னால் ஒற்றைக்காலில் நின்றான். பத்து மாத மகளைச் சேர்க்க வேண்டும், ஆனால் துணி டயப்பரோடு. கடை டயப்பர் போட்டால் இரண்டே நாளில் பிள்ளைக்குத் தொடையிடுக்கு வெந்துபோகிறது. களிம்பு தடவியாயிற்று, கம்பெனியை மாற்றியாயிற்று, பிள்ளை அலறுவது மட்டும் நிற்கவில்லை. மனைவி பஸ் ஓட்டுநர். விடுப்பு முடிந்து திங்கட்கிழமை அவள் வண்டியை எடுத்தாக வேண்டும். “காப்பகம் சரிப்படலைன்னா நான் வேலையை விட்டுடறேன்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆறு வருடம் மல்லுக்கட்டி வாங்கிய வேலை. அதை அவள் விடும்படி ஆகக் கூடாது என்று அவன் அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

“எங்க ஆயா ஒருத்தி பன்னெண்டு பிள்ளைங்களைப் பாக்குறா. துணியெல்லாம் கட்டுப்படியாகாது” என்றார் மேடம்.

“துவைக்கறது என் பொறுப்பு மேடம். நனைஞ்சதைப் பையில போட்டு வச்சா போதும்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். சரியா வரலைன்னா நீங்க வேற இடம் பாத்துக்கணும்.”

இருபத்துநான்கு டயப்பர் தைத்தான். உள்ளே பருத்தித் துணி நாலு மடிப்பு, மேலே கசியாத உறை, இடுப்பில் பொத்தான். ஓட்டலில் செய்வதுபோலவே கடைசி அலசலில், துணியை மெதுமெதுப்பாக்கும் வாசனைத் திரவத்தைத் தாராளமாக ஊற்றினான். பிள்ளையின் புண்பட்ட தோலில் படப்போகிற துணியாயிற்றே. வீட்டில் நனைந்த மறுநிமிடமே மாற்றிவிடுவார்கள் என்பதால் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

திங்கட்கிழமை மாலை ஆயா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவனைவிடப் பத்து வயது இளையவள், வாய் மட்டும் மூத்தது.

“அண்ணே, உங்க மகாராணி இன்னிக்கு மூணு கவுன், ரெண்டு பாய், என் மடி எல்லாத்தையும் நனைச்சாச்சு.”

வீட்டில் பையைத் திறந்தால் டயப்பர்களில் பேருக்குத்தான் ஈரம். பை கனமே இல்லாமல் காற்றாக இருந்தது. இந்த ஆயா சரியாகக் கட்டவே இல்லை என்று அவன் தீர்மானித்துவிட்டான். செவ்வாயும் புதனும் இதே கதை.

“நம்ம துணியில ஏதாவது கோளாறான்னு பாருங்களேன்” என்றாள் மனைவி.

“என் துணியிலயா?” என்றான்.

வியாழன் காலை லீவு போட்டுவிட்டுக் காப்பகத்துக்குப் போனான். மேடத்தின் மேஜைமேல் புதிதாகத் துவைத்த டயப்பரை விரித்து, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கினான். “எப்படிக் குடிக்குதுன்னு பாருங்க மேடம். குறை துணியில இல்ல, கட்டற கையில” என்று ஆயாவை ஓரக்கண்ணால் பார்த்தபடி ஊற்றினான்.

தண்ணீர் துணிமேல் முத்து முத்தாக நின்றது. பிறகு சாவகாசமாக உருண்டு மேடத்தின் வருகைப் பதிவேட்டில் இறங்கியது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. போன வருடம் ஒரு விருந்தாளி, “உங்க துண்டு ஈரத்தையே எடுக்கலையே” என்று சொன்னதும், துடைக்கத் தெரியாத ஆள் என்று தான் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. வாசனைத் திரவம் நூலெல்லாம் மெழுகாகப் படிந்திருக்கிறது. மனைவியை வேலையை விடவைத்து வீட்டில் உட்காரவைக்கப் பார்த்தது அவன் கைதான்.

“உம்மேல பழி போட்டுட்டேம்மா. தப்பு என்னோடது” என்றான் ஆயாவிடம். “மேடம், நாளைக்கு ஒரு நாள் பாக்கி இருக்கு.”

மேடம் பதிவேட்டை உதறிக்கொண்டே தலையாட்டினார்.

“நாளைக்கு என் மடி காஞ்சிருந்தா மன்னிக்கறேன்” என்றாள் ஆயா.

வீட்டில் இருந்த பெரிய பாத்திரம் எல்லாம் அடுப்பேறின. கொதிக்கவைத்தான், அலசினான், ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். நின்றது. மறுபடி கொதிக்கவைத்தான். கை தோலுரிந்தது. நாலாவது தடவை சொட்டு தயங்கித் தயங்கி இறங்கியது. விட்டேனா பார் என்று ஐந்தாவது தடவையும் போட்டான். இந்தமுறை சொட்டு விழுந்த இடமே தெரியவில்லை. மொட்டைமாடி வெயிலில் இருபத்துநான்கையும் காயப்போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து காவல் காத்தான்.

வெள்ளிக்கிழமை ஓட்டலில், நினைப்பெல்லாம் காப்பகத்தில் இருக்க, அவன் மடித்த துண்டுகளை வேறொருவர் பிரித்து மடிக்க வேண்டியிருந்தது. ஐந்து மணிக்குக் காப்பகத்து வாசலில் நின்றான்.

மகள் காலையில் போட்டுவிட்ட அதே மஞ்சள் கவுனில் வந்தாள். ஆயா காய்ந்த மடியைத் தட்டிக் காட்டிவிட்டுப் பையை நீட்டினாள். வாங்கியதும் அவன் கை சட்டென்று கீழே இறங்கியது. அவ்வளவு கனம்.

“திங்கட்கிழமை இன்னும் ரெண்டு கூடுதலா வச்சு அனுப்புங்க” என்றார் உள்ளேயிருந்து மேடம்.

எதிர்ச்சாரி நிறுத்தத்தில் மனைவியின் பஸ் வந்து நின்றது. இறங்க முடியாது. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே புருவத்தை உயர்த்திக் கேட்டாள். இடுப்பில் பிள்ளை, நடுவில் அத்தனை ஹாரன் சத்தம். அவன் அந்தப் பையைத் தலைக்குமேல் தூக்கப் பார்த்தான், கனத்தில் பாதிதான் தூக்க முடிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.