ஒரு நூல் பிசகு

கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. பின்னே வராதா?

தச்சர் செய்யும் அலமாரி ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் படம் வரைவது அவர் மனைவிதான். பத்து வருஷப் பழைய கம்ப்யூட்டர். ஒரு கோடு போட்டால் அது யோசித்து முடிப்பதற்குள் உலை கொதித்துவிடும். ஐந்து வாரமாக ஆஸ்பத்திரி மருந்து அறைக்கான படம் வரைந்திருந்தாள். ஓரத்தில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் முதல்முறையாகத் தன் பெயரையும் அடித்திருந்தாள். நாளைக் காலை கொடுத்தாக வேண்டும். இன்று பார்த்து, படத்தைத் திறக்கவே மாட்டேன் என்று மக்கர் பண்ணியது.

உள்ளே இருக்கும் ரேம் என்ற நினைவகப் பட்டை போதவில்லை. பெட்டியைக் கழற்றி, பழைய ரேமின் மேல் அச்சடித்திருந்ததை அப்படியே ஒரு சீட்டில் எழுதினாள். 'டிடிஆர் 3' என்ற வகைப் பெயருக்கு அடியில் இரண்டு கோடு. நாலாக மடித்து அவரிடம் கொடுத்தாள்.

மகாராஜா டிடிஆர் 4 வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"மூணைவிட நாலு பெருசுதானே?"

ரேமின் அடியில் இருக்கும் வெட்டு, போர்டில் இருக்கும் மேட்டில் உட்கார வேண்டும். உட்காரவில்லை. "உடனே மாத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தால் கருகல் வாடை. மேசையில் அவருடைய பொடி அரம், பக்கத்தில் பச்சைத் தூள்.

"வெட்டைக் கொஞ்சம் அரம் போட்டு நகர்த்தினேன். கச்சிதமா உக்காந்துச்சு. சுவிட்சையும் போட்டேன்."

"உக்காந்துச்சா? ஒரேயடியா படுத்துடுச்சு! நான் ஒரு நூல் தப்பா அளவு போட்டா, கதவு மூடாதுன்னு வீட்டையே ரெண்டாக்குவீங்களே! இது என்ன ஜன்னல் சட்டமா, இழைச்சு நுழைக்க?"

"இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு? படம்தானே? நானே பேப்பர்ல கிறுக்கிக் கொடுத்துடறேன்."

படம்தானே! அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றிப் பையில் போட்டாள். அது பிழைத்திருந்தால் படமும் பிழைக்கும்.

"எங்க கிளம்பிட்ட?"

"தங்கச்சி வீட்டுக்கு. அங்க ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அந்தச் சீட்டு எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மடித்தது மடித்தபடியே இருந்தது. மனுஷர் பிரிக்கவே இல்லை.

அவள் அதை அவர் கையிலேயே திணித்தாள்.

"நீங்களே வச்சுக்குங்க. படத்துல 'வரைந்தவர்'னு ஒரு இடம் இருக்கு. அதையும் நீங்க படிச்சிருக்க மாட்டீங்க."