முழங்கை

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார் கணவர்.

“நான் கத்தியைப் பிடிச்சப்ப நீ காலேஜுலயே சேரல. எனக்கு நீ சொல்றியா?”

அவர் நகர்த்திய தட்டை மனைவி எடுத்து வைத்தாள். சொல்ல வேண்டியதைப் பகலிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் புதிதாக ஓர் ஏற்பாடு. ஒரு சர்ஜன் ஆபரேஷன் செய்யும்போது இன்னொரு சர்ஜன் கூட நின்று பார்த்து, பிறகு கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும். பழகிய கையும் இன்னும் தேறலாம் என்பது எண்ணம். பெரிய சர்ஜனான அவரைப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை. அவளும் சர்ஜன்தானே என்று மனைவியின் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: “வேலை கஷ்டமாகும்போது உங்க வலது முழங்கை மேல போயிடுதுங்க. கருவி நடுங்குது.”

“கட்டின புருஷனுக்கே பாடம் எடுக்கிறா!” என்றாள் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமியார், வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்தபடி. பித்தப்பையில் கல். அந்த வலியிலும் நியாயம் பேச அவளுக்குத் தெம்பு இருந்தது.

மறுவாரமே ஏற்பாடு தலைகீழானது. மனைவி கணவனைப் பார்ப்பது நன்றாயில்லையாம். கணவன் மனைவியைப் பார்க்கலாமாம். நர்சுகளும் இளம் டாக்டர்களும் சூழ்ந்து நிற்க, அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

“முழங்கையை இறக்கு. கஷ்டமான இடத்துல அது தன்னால மேல போகும். இத்தனை வருஷ அனுபவத்துல நான் கண்டுபிடிச்சது.”

இறங்கியே இருந்த முழங்கையை அவள் இன்னும் இறக்கினாள்.

“சரிங்க.”

அதற்குப் பிறகு அவர் முழங்கை ஏறவில்லை என்று கேள்விப்பட்டபோது, யார் பெயரில் போனால் என்ன, நோயாளிக்கு நல்லது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

தேற்ற முடியாத இன்னொன்று இருந்தது. பித்தப்பை ஆபரேஷனில் ரத்தம் கசிந்து இடம் மறைந்தால் அவர் நிறுத்திப் பார்ப்பதில்லை. குழாயை இறுக்கி அடைக்கும் கிளிப்பை உத்தேசமாகப் போட்டுவிடுவார். இதுவரை குறி தப்பவில்லை. தவறான குழாயில் விழுந்தால் அந்த ஆளின் ஈரலே போய்விடும். முதல் குறையைச் சொன்னதும் வாயை அடைத்துவிட்டார்களே, இதை எங்கே சொல்வது?

தலைமை டாக்டரிடம் போனாள். “குடும்ப விஷயத்தை இங்க கொண்டு வராதீங்கம்மா” என்று சிரித்தார் அவர்.

இதற்கிடையில் மாமியாருக்கு வலி முற்றி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று.

“அத்தை, சொந்த மனுஷங்களுக்குச் செய்யறப்ப எந்த டாக்டருக்கும் கை பதறும். வேற யாராவது செய்யட்டுமே.”

“எம் புள்ள இருக்க இன்னொருத்தன் கையா? அவன் பேரு உனக்குக் கண்ணை உறுத்துது.”

ஆபரேஷன் அறை வாசலில் தள்ளுகட்டிலின் பக்கத்தில் அவள் நின்றாள். பச்சைத் துணிக்குள் மாமியார் சின்னவளாகத் தெரிந்தாள். உதடு காய்ந்திருந்தது. சட்டென்று மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பயமா இருக்கும்மா. நீயும் உள்ள வந்து நில்லு. அவன் ஒழுங்கா செய்யறானான்னு பாரு.”

மருமகளுக்குக் கண் நிறைந்தது. “வரேன் அத்தை.”

கட்டில் நகர்ந்தது. பிடித்த கையை விடாமல் மாமியார் தலையைத் தூக்கிச் சொன்னாள்:

“பாத்தா போதும். எதுவும் சொல்லிடாதே. அவனுக்குப் பிடிக்காது.”