கோடு ஏறினால் அக்கா சுகம்

காலையில் எழுந்ததும் அவர் முதலில் பார்ப்பது கைப்பேசியைத்தான். அக்கா வீட்டு மின்சாரம் அதில் ஒரு பச்சைக் கோடாக ஓடும். கோடு ஏறினால் அக்கா எழுந்துவிட்டாள், தாழ்ந்தால் படுத்துவிட்டாள். எப்படியோ அக்கா சுகம், தம்பியின் கடமையும் முடிந்தது.

ஸ்மார்ட் மீட்டர் மாட்டும் குழுவுக்கு அவர் மேற்பார்வையாளர். வேலையிடத்தில் 'சிக்னல்' என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். அந்த மீட்டர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒன்றின் செய்தி நிலையம்வரை எட்டாவிட்டால் பக்கத்து மீட்டர் அதை வாங்கி அடுத்ததற்குத் தரும். கம்பியும் கிடையாது, சண்டையும் கிடையாது. மனிதர்களைவிட இவை எவ்வளவோ மேல் என்று அவரே வேடிக்கையாகச் சொல்வார்.

அம்மா போனபின் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. தனக்கென்று ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளாதவள். இப்போது ஒரு மாடிவீட்டில் தனியாக இருந்தாள். போன் செய்தால் லேசில் விடமாட்டாள். மூட்டுவலியில் தொடங்கிப் பழைய கதைகளையெல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வைப்பாள். அவருக்கோ தலைக்குமேல் வேலை. அவள் வீட்டுக்கும் அவரே மீட்டர் மாட்டியானதும் போன் குறைந்தது.

"தம்பி, இப்பல்லாம் கரண்ட் பில்லு கூடுதலா வருதுடா. நான் ஒரு லைட்டு, ஒரு ஃபேன்தானே போடுறேன்?" என்றாள் ஒருமுறை.

"மீட்டர் பொய் சொல்லாதுக்கா. நீதான் எதையாவது அணைக்க மறந்திருப்பே" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

ஒரு நாள் அதே மாடியின் எதிர்வீட்டுப் பெண் அழைத்தாள். "அண்ணே, உங்க அக்கா கதவைத் தட்டினா திறக்கல. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

கைப்பேசியில் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "உள்ளேதாம்மா இருக்கா. காது கொஞ்சம் மந்தம், கேட்டிருக்காது."

மறுநாள் காலை அவளே மறுபடி அழைத்தாள். "இன்னும் திறக்கலண்ணே. மனசு கெடந்து அடிச்சுக்குது."

"பயப்படாதீங்க. கோடு நல்லா ஏறியிருக்கு. இஸ்திரி போடுறான்னு நினைக்கிறேன்."

அவள் சொன்னாள்: "அண்ணே, இஸ்திரி போட்டது நான்."

அவர் அக்கா வீட்டுக்கு ஓடினார். படிக்கட்டுக்கு அடியில் இரண்டு வீட்டு மீட்டர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரு வீட்டு மெயின் சுவிட்சை அணைத்து, எந்த மீட்டர் நிற்கிறது என்று பார்த்த பிறகே வீட்டு எண்ணைப் பதியவேண்டும் என்பது அவர்கள் தொழிலின் பாலபாடம். மேலே போனால் அக்கா உட்காரவைத்துப் பேசுவாளே என்று பயந்து, மீட்டர் மாட்டிய அன்று அவர் மேலே போகவே இல்லை. குத்துமதிப்பாகப் பதிந்துவிட்டு வந்தார். எண்கள் மாறிப்போயின. இத்தனை மாதமும் அவர் பார்த்துப் பார்த்து நிம்மதியடைந்தது எதிர்வீட்டுக் கோட்டைத்தான்.

கதவை உடைத்தார்கள். அக்கா சமையலறைத் தரையில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். மூச்சு இருந்தது.

"பக்கவாதம். நேத்தே கொண்டுவந்திருந்தா பேச்சைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் மருத்துவர்.

கட்டிலருகே உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, ஏதாவது பேசுக்கா. எவ்வளவு நேரமானாலும் கேக்குறேன்" என்று குழந்தையைப்போல் அழுதார். அவள் உதடு கோணி அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்ணோரம் மட்டும் நனைந்தது.

மாலையில் பார்க்க வந்த சக ஊழியன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "சிக்னலண்ணே, எங்கம்மா வீட்டுக் கோட்டையும் என் போன்ல வச்சுத் தரச் சொல்லியிருந்தேன். நம்பரைச் சரியாப் பார்த்துப் பதிஞ்சா போதும்தானே?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நம்பர் சரியா இருந்தாலும் கரண்ட் ஓடுதான்னுதான்டா கோடு சொல்லும். அம்மா எப்படி இருக்காங்கன்னு அம்மாதான் சொல்லணும். அவங்களால பேச முடியறப்பவே போய்ப் பக்கத்துல உட்கார்ந்து கேளு. பெத்தவங்களையும் வளர்த்தவங்களையும் மெஷின்கிட்ட ஒப்படைச்சா, என்னை மாதிரி ஒரு வார்த்தைக்கு ஏங்கிக்கிட்டு உட்காரணும்."