நங்கூரத்துக்கு ஓர் எலுமிச்சை

ஆயுத பூஜையன்று காலை ஞானசேகரன் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிக் கடலூர் முதுநகருக்கு வந்தது கப்பலைப் பார்க்க அல்ல. மருமகள் கயல்விழியிடம் அந்தக் கப்பல் வேலையை விடச் சொல்ல. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரி அலுவலகத்தில் மைத்துனர் மூலம் அவளுக்கு இடம் பேசி வைத்திருந்தார். அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். கயல்விழிக்குக் கப்பலை விட மனமில்லை. மாமனாரிடம் மறுத்துப் பேசியும் பழக்கமில்லை.

துறைமுக ஓரத்தில் கட்டி நிறுத்தியிருந்த விளக்குக் கப்பல் அருங்காட்சியகத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். சிவப்பு உடம்பு, நடுவில் இரும்புக் கம்பம், உச்சியில் கண்ணாடி விளக்கு.

கரையிலிருந்து ஏறும் ஏணிக்கு நான்கு சின்னச் சக்கரங்கள். காவலர் பக்கிரி குனிந்து ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

“பூச கப்பலுக்கா, ஏணிக்காய்யா?” என்றார் ஞானசேகரன்.

“கப்பலுக்குச் சக்கரம் இல்லீங்களே! இருக்கற எடத்துலதான வைக்க முடியும்?”

விடுமுறைக் கூட்டம் சிரித்தது. ஞானசேகரன் சிரிக்கவில்லை. பெண்ணாடம் ஆலைக்கு லாரியில் கரும்பு லோடு அடித்தே குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். ஓடாத வண்டியை அவர் வண்டியாகவே மதிப்பதில்லை.

“இன்ஜின் எங்கம்மா?”

“கெடயாது மாமா. இழுத்துட்டுப் போய்தான் விடுவாங்க.”

“இன்ஜின் இல்லாத கப்பல்ல என் மருமவளுக்கு உத்தியோகம். கேக்கறவனுக்கு நான் என்னன்னு சொல்றது?”

கயல்விழி பார்வையாளர்களுக்குச் சொல்வதையே அவருக்கும் சொன்னாள். கரையிலிருந்து வெகுதூரத்தில், தண்ணீருக்கடியில் ஒரு மணல்திட்டு. அங்கே கலங்கரை விளக்கம் கட்டினால் நிற்காது. அதனால் இந்தக் கப்பலை அங்கே நங்கூரம் போட்டு நிறுத்தி விளக்கேற்றினார்கள். மாலுமிகள் மாதக்கணக்கில் அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு, விளக்கைத் துடைத்து, மூடுபனி வந்தால் மணியடித்துக்கொண்டு கிடந்தார்கள். பிறகு தானாகவே எரியும் மிதவை விளக்கு வந்தது. கப்பலுக்கு ஓய்வு கொடுத்து இங்கே கொண்டுவந்து கட்டினார்கள்.

“புயல் வந்தா?”

“மத்த கப்பலெல்லாம் தப்பிச்சு ஓடிடும் மாமா. இது மட்டும் நின்ன எடத்துலயே நிக்கணும். கொஞ்சம் நகந்தாலும், இந்த வெளக்க நம்பி வர்றவுங்க திட்டுல ஏறிடுவாங்க.”

ஞானசேகரன் கம்பத்தின் உச்சி விளக்கை அண்ணாந்து பார்த்தார். “அப்ப நங்கூரந்தான் இங்க இன்ஜின்” என்றார். “எங்க அது?”

முன்தளத்தில், கையால் சுற்றிப் பாரம் தூக்கும் விஞ்சின் சங்கிலியில் அது தொங்கியது. கவிழ்த்த காளான் போன்ற உருவம், வண்டிச் சக்கரத்தின் அகலம். இறக்கி ஏற்றிக் காட்டுவதற்காகக் கயல்விழி அலைந்து திரிந்து அந்த விஞ்சைச் சரிசெய்ய வைத்திருந்தாள்.

“யோவ் பக்கிரி, ஏணிக்குப் பூச போதும். பழத்த இங்க கொண்டா” என்றார் ஞானசேகரன்.

நங்கூரத்துக்கு நேர் கீழே தளத்தில் ஒரு பழத்தை வைத்துக் கற்பூரம் காட்டியாயிற்று. பக்கிரி கைப்பிடியைச் சுற்ற, நங்கூரம் இறங்கியது. உருண்ட இரும்பு பட்டதும் பழம் வழுக்கி ஓடியது. இரண்டாவதும் அப்படியே.

“ஓடாத கப்பல்ல எலுமிச்ச ஓடுதுடோய்!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

“கத்தி குடும்மா” என்றார் ஞானசேகரன். மூன்றாவது பழத்தின் அடியைச் சீவித் தட்டையாக உட்கார வைத்தார். “லாரிக்கு வைக்கற பழம் உருண்டா இப்பிடித்தான் செய்வோம். இப்ப எங்க ஓடுதுன்னு பாக்கறேன்.”

நங்கூரம் அமர்ந்தது. பழம் பிதுங்கித் தெறித்த சாறு அவருடைய வெள்ளைச் சட்டையில் பாதியை நனைத்தது. யாரோ கப்பல் மணியை அடிக்க, கைதட்டல் எழுந்தது. ஞானசேகரன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

ஈரச் சட்டையோடு ஓரமாகப் போய்ப் போன் போட்டார். கயல்விழி பொரித்தட்டோடு அசையாமல் நின்றாள்.

“மச்சான், அந்தக் காலேஜு வேலய வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லிடு. இல்லய்யா, மருமவளுக்கு இங்கயே வேல ஜாஸ்தி. ஆமா, கப்பல்லதான். இன்ஜினா? மொதல்ல நீ இங்க வா, வந்து பாத்துட்டு அப்பறம் பேசு.”

“பெரியவரே, இன்னொரு தடவ!” என்றது கூட்டம்.

கயல்விழி மிச்சமிருந்த பழத்தையும் கத்தியையும் அவரிடம் நீட்டினாள். பக்கிரி நங்கூரத்தை மேலே ஏற்றத் தொடங்கினார்.