அவர் பக்கம் சாய்ந்த சுடர்

நாற்பத்தொன்பதாம் வயதில் வேலையை விட்டுவிட்டு அவர் ஊற்றிய முதல் மெழுகுவர்த்தி, கதவும் ஜன்னலும் அடைத்து மின்விசிறியும் நிறுத்திய அறையில், அவர் பக்கமாகவே சாய்ந்து எரிந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மேசையின் மறுபுறம் உட்கார்ந்தார். சுடரும் மறுபுறம் சாய்ந்தது. திரி கோணல் என்று முடிவு செய்தார். அடுத்த பன்னிரண்டுக்கும் துணி மாட்டும் கிளிப்பால் திரியைப் பிடித்து அச்சின் நடுவில் நிறுத்தி ஊற்றினார். பன்னிரண்டும் அவர் பக்கமே சாய்ந்தன. அவர் திரிநூல் வாங்கிய கடையை மாற்றினார்.

அதற்கு முன் இருபத்து நான்கு வருடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று கடிதம் எழுதும் பிரிவில் இருந்தார். வீடு எரிந்தவர், வண்டி போனவர், வீட்டுக்காரரையே இழந்தவர் எல்லாருக்கும் அவர் கடிதம் ‘இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்றுதான் முடியும். நாளைக்கு நாற்பது கடிதம். அலுவலகத்தில் அவர் பெயரே ‘வருந்துகிறோம்’ என்று ஆகிவிட்டது, “வருந்துகிறோம் சாப்பிடப் போயாச்சா?” என்று சாதாரணமாகக் கேட்பார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். கம்பெனிக்காக அத்தனை தடவை வருந்தியதில் சொந்த உபயோகத்துக்கு அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. வீட்டில் யார் காலையாவது மிதித்துவிட்டால், “இங்கயா காலை நீட்டுவாங்க?” என்பார். ஒருநாள் மத்தியானம் அலுவலகத்தில் மின்சாரம் போய், யாரோ மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தார்கள். நாற்பது நிமிடம் அவர் யாருக்கும் இல்லை என்று எழுதாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் வந்தபோது மனதுக்குள் முடிவு செய்துவிட்டார்.

அவர் மனைவி வேதியியல் டீச்சர். வேலை பார்த்தது நாலே வருடம். மகள் பிறந்ததும் விட்டுவிட்டாள். ஆனாலும் தெருவுக்கு அவள் எப்போதும் டீச்சர்தான். வேலையை விட்டபோது இருவருக்கும் ஒரு பேச்சு இருந்தது. பெண் வளர்ந்து தன் வழியைப் பார்த்துக்கொண்டதும் அடுத்த முறை டீச்சருடையது. எந்த ஊரில் வேலை கிடைத்தாலும் இவர் மாற்றல் வாங்கிக்கொண்டு கூடவே போக வேண்டும். பெண் படித்தாள், கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாள். டீச்சர் பழைய புத்தகங்களைத் தூசி தட்டி ஒரு வருடம் உட்கார்ந்து படித்துத் தேர்வு எழுதினாள். ஏழு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு உறைவிடப் பள்ளி. நியமனக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. திங்கட்கிழமையே அவர் அலுவலகத்தில் ராஜினாமா கொடுத்திருந்தார். வீட்டில் வியாழக்கிழமைதான் சொன்னார். அதற்குள் பின்னறைக்கு அலமாரி அடிக்க ஆசாரி வந்து அளவெடுத்துவிட்டுப் போயிருந்தான். டீச்சரின் புத்தகங்கள் பரணுக்குப் போயிருந்தன.

“ரெண்டே வருஷம் பொறுத்துக்கோ. தொழில் நிக்கட்டும். அப்புறம் உன் இஷ்டம்.”

டீச்சர் கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து, “சரிங்க” என்றாள். அந்தச் சரியில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் தான் பிழைத்துக்கொண்டிருப்போம் என்று அவர் பின்னால் பல வருடம் நினைத்ததுண்டு. கோபம் இல்லை. பள்ளிக்கூடம் அடுத்த வருடமும் கேட்டது, அதற்கடுத்த வருடமும் கேட்டது. மூன்றாம் வருடம் டீச்சருக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது.

தொழில் காலூன்றி நின்றதும் அவளால்தான். ஆறிய மெழுகு திரியைச் சுற்றிக் குழி விழுந்து பொக்கைவாய் மாதிரி இருக்கும்; அவர் அதையெல்லாம் உடைத்து மறுபடி சட்டியில் போட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். டீச்சர் ஒருநாள் அடுப்பங்கரையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து சட்டியில் வெப்பமானியை விட்டுப் பார்த்தாள். “எண்பத்தஞ்சுல ஊத்துறீங்க. எழுபதுக்கு இறங்கட்டும். குழி எப்படியும் விழத்தான் செய்யும், அது மெழுகோட குணம். பாதி ஆறினதும் குச்சியால ரெண்டு மூணு இடத்துல குத்திவிட்டு, ரெண்டாந்தரம் ஊத்துங்க.” அன்றிலிருந்து குழி இல்லை. இரண்டாந்தரம் ஊற்றுவது டீச்சர் வேலையானது. அவள் கை ஒரு சொட்டு சிந்தாது. அட்டைப்பெட்டியில் அவர் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது.

மெழுகுவர்த்தி ஊருக்குள் போன பிறகுதான், சுடர் காற்றுக்குச் சாயவில்லை என்று தெரிந்தது. அறையில் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யாரோ, அவர் பக்கம் சாய்ந்தது. சாப்பாட்டு மேசையில் ஏற்றிய அக்கா தங்கை இருவரில் முதலில் அக்கா பக்கம் சாய்ந்து, அக்கா வாயைத் திறந்து சொல்லி முடித்ததும் மெல்ல எழுந்து தங்கை பக்கம் போனதாம். இருவரும் பதினோரு வருடம் பேசாமல் இருந்தவர்கள். ஒரு ஓட்டல்காரர் முப்பது வாங்கி ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்தார். ஜோடி ஜோடியாக உட்கார்ந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுகிறார்களாம். பழைய காப்பீட்டுக் கம்பெனி ஆண்டுவிழா விருந்துக்கு இருபது வாங்கியது. இருபதும் மேடையில் இருந்த பெரிய அதிகாரிகளைப் பார்த்துக் குப்புற விழாத குறையாகச் சாய்ந்ததில் மேசைவிரிப்பு கருகிவிட்டது. அவர் அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அதே சமயம் பெட்டியில் ‘காற்றில்லாத இடத்தில் ஏற்றவும்’ என்று ஒரு வரி சேர்த்தார். சொல்லிவிட்டவர்கள் வீட்டில் பெரும்பாலும் சுடர் நிமிர்ந்தது. எல்லார் வீட்டிலும் நிமிர்ந்தது என்று சொல்ல முடியாது. பல் டாக்டர் ஒருவர் முப்பது வருடம் கழித்துத் தம்பியைத் தேடிப்போய்ச் சொன்னார், தம்பியும் கேட்டுக்கொண்டார், சுடர் சாய்ந்தபடியே இருந்தது.

ஊருக்கெல்லாம் விளங்கியது அவருக்கு மட்டும் விளங்காமலா இருக்கும்? விளங்கியது. ஆனால் மாலையில் மேசைமேல் சுடர் அவர் முகத்துக்கு நேராக வளையும்போதெல்லாம் எழுந்து போய் ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்ப்பார். எதிரில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் டீச்சர் தலையைத் தூக்காமல், “காத்துதாங்க” என்பாள். வாயு எந்த விதிக்குக் கட்டுப்பட்டு எப்படி நகரும் என்று நாலு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் அவள். அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அவர் அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு ஏழு வருடம் ஓட்டினார்.

மகள் விடுமுறைக்கு வந்தபோதுதான் அந்தப் பாசாங்கு உடைந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் டீச்சர் கடைக்குப் போன நேரத்தில் சொன்னாள்: “அப்பா, அது உங்களப் பாத்துதான் சாயுது. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?”

“சொல்லலாம்தான். எப்படிம்மா ஆரம்பிக்கிறது?”

“எனக்கென்ன தெரியும். நீங்கதான ஆயிரக்கணக்குல எழுதினவரு.”

அவள் குத்தலாகச் சொன்னதை அவர் யோசனையாக எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை வெள்ளைத்தாளை எடுத்து எழுதினார். மேலே தேதி. அதற்குக் கீழே, பொருள்: தங்கள் பணி நியமனம் தொடர்பாக. ‘மேற்படி விஷயத்தில் தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய மனவருத்தம் எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. அன்றைய சூழ்நிலையில் வேறு முடிவு எடுக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.’ நாலு தடவை அடித்துத் திருத்தி எழுதியும் கை அந்த ஒரு நடைக்குத்தான் பழகியிருந்தது. ‘வருந்துகிறேன்’ என்று எழுதிப் பார்த்தார், பிழையாகத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து, அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். முகத்தில் ஏதோ ஒன்று எழுந்து அடங்கியது. “இதுக்கு நான் பதில் போடணுமா?” என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள், கிண்டல் செய்யத் தெரியாதவள். அவர் வேண்டாம் என்றார். அன்று மாலை ஏற்றிய மெழுகுவர்த்தியின் சுடர் எப்போதையும்விட ஒரு விரற்கடை அதிகமாகச் சாய்ந்தது. டீச்சர் பெட்டிகளை ஒட்டி முடித்துவிட்டு எழுந்து போனாள். அன்று அவள் காற்று என்று சொல்லவில்லை.

மறு வருடம் மகளுக்குப் பிரசவம். ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று டீச்சர் புறப்பட்டாள். பெட்டியில் துணியோடு துணியாக நாலு மெழுகுவர்த்தி. அங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாடத்தில் சந்தேகம் கேட்டு வந்தார்கள், பிறகு அவர்கள் சிநேகிதர்கள் வந்தார்கள், பிறகு தெருக்கோடித் தனிப்பயிற்சி நிலையத்தில் கூப்பிட்டு ஒரு கரும்பலகை கொடுத்தார்கள். ஆறு மாதம் ஒரு வருடமாகி, ஒரு வருடம் மூன்றானது. போனில் அவள் குரலில் அவர் கேட்டிராத ஒரு வேகம் இருந்தது. எப்போது வருகிறாய் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இங்கே அவர் தனியாக ஊற்றினார். இரண்டாந்தரம் ஊற்றுகையில் விளிம்பெல்லாம் வழிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டியில் வெப்பம் எழுபதுக்கு இறங்கக் காத்திருந்தபோது, அவர் போனை எடுத்தார். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

“நான் உன் முறைய எடுத்துக்கிட்டேன்” என்றார். “தெரிஞ்சேதான் எடுத்துக்கிட்டேன். உன் கடுதாசி வரப்போகுதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் திங்கக்கிழமையே போய்க் கொடுத்தேன். தப்பு பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடு.”

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பிறகு டீச்சர், “தெரியுங்க” என்றாள். “அப்பவே தெரியும்.”

அவர் அழுதார். அழுகைக்கு நடுவில், சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்: “அங்க ஒண்ணு ஏத்திப் பாரேன். இப்ப நேரா நிக்குதா?”

அவள் போனை வைத்துவிட்டுப் போனாள். தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது. திரும்பி வர இரண்டு நிமிடம் ஆனது.

“இல்லங்க. உங்க ஊர்ப் பக்கமாத்தான் சாயுது. வந்த நாள்லருந்து அப்படித்தான்.” அவள் குரலில் வருத்தம் இருந்தது, கோபம் அப்போதும் இல்லை. “பரவால்ல, சாயட்டும். மெழுகு வழியுதேன்னு அந்தப் பக்கம் ஒரு தட்டு வெச்சிருக்கேன்.”

பிறகு மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றார். மறுநாளிலிருந்து அவரும் மெழுகு வழிகிற தன் பக்கம் ஒரு தட்டு வைத்துக்கொண்டார்.